விஞ்ஞானப் பள்ளியிற் பயின்றோர் சென்று சிறந்த இடங்கள்

(நமது சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிப் பிள்ளைகட்கு இலக்கணமும் இலக்கியமும் ஓதுவிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு தமிழாசிரியனை விஞ்ஞானக் கல்வியைப்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். விஞ்ஞானத்தின் உள்ளுறையை விளக்க நான் முன்வரவில்லை. விஞ்ஞானப் பள்ளியொன்றிற் கற்ற பிள்ளைகள் பிற்காலத்தில் எவ்வெவ் வழியிற் சென்றனர், எவ்வெவ்வாறு மேம்பட்டனர் என்பதையே சொல்லப் புகுகின்றேன். அது மாந்தரின் வரலாறு. மாந்தரின் வரலாறு எந்த ஆசிரியனுக்கும் புறம்பானதன்று.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுண்டு. நம் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து உபகாரச் சம்பளம் வழங்கும் விதிகளைத் திருத்தியமைக்க எண்ணியிருப்பது நீங்கள் அறிந்ததே. பொறியியலும் மருத்துவமும் கற்போர்க்கு மட்டும் உதவினாற் போதும், மற்றைக் கல்விகளால் குடும்பத்திற்கு உடனே பயன் விளையாது என்பர் ஒரு சாரார். எக்கல்வியாயினும் கற்பவன் தகுதியைப் பார்த்து உதவுவதே முறை என்பர் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் நம் பிள்ளைகளின் நலம் ஒன்றையே கருதிப் பேசுகின்றனர். ஆதலின் இருவரும் சற்றுப் பொறுத்திருந்து, இவ்வினாவிற்கு விடை காண வேண்டிய அளவு காலம் கடந்துவிட்ட ஒரு பள்ளியின் வரலாற்றைக் கேட்டருளுமாறு வேண்டுகின்றேன். நட்டு எண்பது ஆண்டுகட்கு மேலான மரத்தின் கனியைச் சுவைத்துப் பார்த்துச் சொல்லலாமன்றோ?

அப்பள்ளி ஐக்கிய அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தின் வடபகுதியாகிய பிராங்க்ஸில் உள்ளது. ‘பிராங்க்ஸ் விஞ்ஞான உயர்நிலைப் பள்ளி’ என்பது அதன் பெயர். 1938-ஆம் ஆண்டில், நாட்டில் தொழில் முடங்கி வறுமை மிகுந்திருந்த காலத்தில், நகரக் கல்விச் சபையார் பழைய பள்ளிக் கட்டிடம் ஒன்றில் அதனைத் தொடங்கினர். முதல் தலைமையாசிரியர் மாரிஸ் மெய்ஸ்டர் என்பவர். இருபது ஆண்டுகள் அப்பள்ளியை நடத்திய பின்னர் 1958-இல் அவர் பிராங்க்ஸ் சமுதாயக் கல்லூரியின் முதல் தலைவராகச் சென்றார். அடுத்த ஆண்டிலேயே பள்ளியும் புதிய கட்டிடத்திற்குக் குடிபெயர்ந்தது.

இப்பள்ளியைப்பற்றி மூன்று செய்திகளை நினைவிற் கொள்ளுங்கள். முதலாவது, அது பொதுப் பள்ளி, சம்பளம் இல்லை. இரண்டாவது, நுழைவுத் தேர்வில் தேறியவர்களே அதிற் சேரலாம். மூன்றாவது, தொடக்கத்தில் ஆண்பிள்ளைகட்கு மட்டும் இருந்த பள்ளி, 1946-ஆம் ஆண்டில் பெண்பிள்ளைகட்கும் கதவைத் திறந்தது. இம்மூன்றும் பின்னர்ப் பயன்படும்.

அப்பள்ளியிற் பயின்றோருள் ஒன்பதின்மர் நோபெல் பரிசு பெற்றிருக்கின்றனர். பல நாடுகள் பெறாத பேற்றை ஒரு பொதுப் பள்ளி பெற்றிருக்கின்றது. அவ்வொன்பதின்மருள் எழுவர் பௌதிக சாஸ்திரத்திற் பரிசு பெற்றவர்கள். முதலில் அவர்களை வரிசையாகக் கூறுவேன்.

லியான் கூப்பர் 1947-இற் பள்ளிப் படிப்பை முடித்தவர். கடுங்குளிரில் சில உலோகங்கள் தடை சிறிதுமின்றி மின்சாரத்தைச் செலுத்துவதேன் என்பதை மற்றிருவருடன் சேர்ந்து விளக்கி 1972-இற் பரிசு பெற்றார். ஷெல்டன் கிளாஷோ, ஸ்டீவன் வைன்பர்க் இருவரும் 1950-இல் ஒரே வகுப்பினின்று வெளிவந்தவர்கள். மின்காந்த விசையும், அணுக்கருவின் சிதைவிற்குக் காரணமாகிய மெல்விசையும் ஓர் அடிப்படையினின்று தோன்றுவன என்று காட்டியதற்காகப் பாகிஸ்தானத்து அப்துஸ் சலாமுடன் 1979-இற் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மெல்வின் ஷ்வார்ட்ஸ் எதனோடும் எளிதில் மோதாத நியூட்ரினோ என்னும் நுண்துகளில் இரண்டாம் வகையுண்டென்று 1962-இல் மற்றிருவருடன் சோதனையாற் கண்டு, 1988-இற் பரிசடைந்தார். ரஸ்ஸல் ஹல்ஸ் ஒன்றையொன்று சுற்றிவரும் இரு விண்மீன்களுள் ஒன்று துடிவிண்மீனாக இருப்பதை 1974-இல் தம் ஆசிரியர் ஜோசப் டெய்லருடன் கண்டறிந்து 1993-இல் பெருமை பெற்றார். டேவிட் பாலிட்ஸர் அணுக்கருவின் உள்ளே துகள்களைப் பிணைக்கும் விசையின் இயல்பை 1973-இல் விளக்கி 2004-இலும், ராய் கிளாபர் ஒளியின் நுண்ணியல்பை ஆராய்ந்து 2005-இலும் பரிசு பெற்றனர். கிளாபர் 1941-இல் வெளிவந்த முதல் தொகுதி மாணவர்.

இவ்வரிசையைக் கேட்ட அளவில், ‘ஆய்கூடங்கள் சிறந்தவை, ஆசிரியர்கள் மேதைகள், ஆதலின் மாணவர்கள் உயர்ந்தனர்’ என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுவோம். அம்மாணவர்களுள் ஒருவராகிய கிளாஷோ தம் வரலாற்றை எழுதியவிடத்துக் கூறுவது வேறு. அவர் தந்தை ரஷ்ய நாட்டினின்று குடியேறி, குழாய் பொருத்தும் தொழில் செய்து முன்னுக்கு வந்தவர். வைன்பர்க்கின் தந்தை நியாயஸ்தலத்தில் சுருக்கெழுத்து எழுதியவர். இவ்விரு பிள்ளைகளும், பின்னர் நல்ல பௌதிகப் பேராசிரியராக விளங்கிய ஜெரால்ட் பைன்பர்க் என்பாரும், வேறு சில தோழர்களும் ஒருவர்க்கொருவர் பாடம் சொல்லிக்கொண்டனர். பள்ளியிற் கற்பிக்கப்படாத நுண்கணிதத்தைக் கிளாஷோ கற்றது, பள்ளியின் உணவறையில், டானியல் கிரீன்பர்கர் என்னும் வகுப்புத் தோழனிடத்தில். அத்தோழரும் பின்னாளிற் பெயர் பெற்ற பௌதிக அறிஞரானார்.

அன்பர்களே, இதை ஊன்றிப் பாருங்கள். ஆசை ஒத்த பிள்ளைகளை ஓரிடத்திற் கூட்டியது அப்பள்ளி செய்த முதற் பேருதவி. தனியே ஒரு தெருவில் வாழும் பிள்ளைக்கு வானத்தைப்பற்றியும் எண்களைப்பற்றியும் பேசத் துணையில்லை. பேசினால் நகைப்பார்கள் என்று அஞ்சி வாய் மூடிவிடுகிறான். அத்தகைய பிள்ளைகள் நூற்றுவர் ஒரு முற்றத்திற் கூடினால், கேட்ட வினாவிற்கு மறுவினா பிறக்கும். அறிவுத் தீயைக் கடைந்தெடுக்க இரண்டு கட்டைகள் வேண்டும். ஒற்றைக் கட்டை எத்துணை உலர்ந்ததாயினும் தானே தீயைத் தாராது.

இரண்டாவது செய்திக்கு வருகின்றேன். பள்ளி முடிந்த பின் என் செய்வது? அங்கும் ஏழைக் குடும்பங்கள் இந்த வினாவின்முன் நின்றன. லெனார்ட் கிளைன்ராக் என்பார் 1951-இல் அப்பள்ளியில் தேறியவர். ஆறு வயதில், படக்கதைப் புத்தகம் ஒன்றிற் கண்ட குறிப்பைப் பின்பற்றித் தந்தையின் பழைய சவர அலகும் பென்சில் கரியும் கொண்டு வானொலிப் பெட்டி செய்த பிள்ளை. நியூயார்க் நகரக் கல்லூரியில் அக்காலத்துச் சம்பளம் இல்லை. சம்பளமின்றியும் பகலிற் கல்லூரிக்குச் செல்ல அவரால் இயலவில்லை. குடும்பத்திற்குச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. பகலில் மின்கருவித் தொழிலகத்தில் வேலை செய்து, இரவு வகுப்பிற் கற்றார். 1957-இற் பட்டம் பெற்றார். பின்னர் உபகாரச் சம்பளம் பெற்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் சேர்ந்து, செய்திகள் வரிசையிற் காத்து நின்று செல்லும் வலைகளின் கணிதத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் சர்வகலாசாலையில் அவருடைய ஆய்கூடத்தினின்றே முதற் செய்தி தொலைவிலுள்ள மற்றொரு கணிப்பொறிக்குச் சென்றது. ஐந்தெழுத்துச் சொல்லை அனுப்பத் தொடங்கினர். இரண்டு எழுத்துச் சென்றதும் மறுபுறத்துக் கணிப்பொறி நின்றுவிட்டது. இன்று நம் இல்லந்தோறும் வந்து புகுந்திருக்கும் இணைய வலையின் முதற் குழந்தைச் சொல் அதுவே.

விண்மீனைக் கண்ட ஹல்ஸ் என்பாரும் அக்காலத்துச் சம்பளம் வாங்காதிருந்த கூப்பர் யூனியன் என்னும் கல்லூரியிற் கற்று 1970-இற் பட்டம் பெற்றவர். இவ்விருவர் வரலாற்றாலும் விளங்குவது யாது? பள்ளி ஏற்றிவிட்ட படிக்கு மேலே மற்றொரு படி இருந்தது. அப்படியில் ஏற விலை கேட்கப்படவில்லை. இரவு வகுப்பு என்னும் சிறு வாயில் அடைபட்டிருந்தால் கிளைன்ராக் நல்ல தொழிலாளராக வாழ்ந்திருப்பார்; அதனாற் குறைவொன்றுமில்லை; எனினும் அவர் கணிதம் உலகிற்குக் கிடைத்திராது. நகரக் கல்லூரி 1976-ஆம் ஆண்டு முதல் சம்பளம் வாங்கத் தொடங்கிற்று என்பதையும் உடன் சொல்ல வேண்டும். பொது வாயில்கள் என்றும் திறந்திருக்கும் என்று எண்ணலாகாது. அவை அடைபடுங் காலத்தில் நம்முடையவை போன்ற சங்கங்களே சிறு கதவுகளைத் திறந்து வைக்க வேண்டும்.

இனி, தொடங்கிய வழியினின்று திரும்பிச் சென்று சிறந்தவர்களைக் காண்போம். ராபர்ட் லெப்கோவிட்ஸ் 1959-இற் பள்ளியை முடித்தார். வீட்டிற்கு வந்து சென்ற குடும்ப வைத்தியரைப் பார்த்துத் தாமும் வைத்தியராக வேண்டும் என்று இளமையிலேயே உறுதிகொண்டவர். கொலம்பியா சர்வகலாசாலையில் மருத்துவப் பட்டம் பெற்று இருதய வைத்தியரானார். ஆயினும் உடலின் உயிரணுக்கள் வெளியிலிருந்து வரும் செய்தியை எவ்வாறு ஏற்கின்றன என்னும் ஆராய்ச்சி அவரை ஈர்த்தது. நாம் உட்கொள்ளும் மருந்துகளுட் பல அவர் ஆராய்ந்த அவ்வாயில்களின் வழியாகவே வேலை செய்கின்றன. 2012-இல் அவர் மாணவராயிருந்த பிரையன் கோபில்காவுடன் நோபெல் பரிசு பெற்றார். அதுவும் மருத்துவத்திற்கன்று, இரசாயனத்திற்கு! வைத்தியராக எண்ணிய பிள்ளை வைத்தியராகி, அதற்கும் அப்பாற் சென்று சேர்ந்த இடம் இது.

கிளாடியா கோல்டின் அம்மையார் வரலாறு இதனினும் அறியத்தக்கது. பெண்களுக்கு அப்பள்ளி கதவு திறந்த 1946-ஆம் ஆண்டிலேயே அவர் பிறந்தார். 1963-இல் அங்குத் தேறினார். நுண்ணுயிர்களைக் கண்டறிந்தோரைப்பற்றிய நூலொன்றைச் சிறுவயதிற் படித்து, தாமும் அத்துறையிற் புகவேண்டும் என்று கார்னெல் சர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கே பொருளாதாரப் பேராசிரியர் ஆல்பிரட் கானின் வகுப்பில் அமர்ந்தபோது மனம் அத்துறையிற் சென்று பதிந்தது. நுண்ணுயிரை விட்டுப் பொருளாதாரத்தை எடுத்தார். பெண்கள் கூலிக்கும் சம்பளத்திற்கும் உழைத்த இருநூறு ஆண்டு வரலாற்றைப் பழைய ஏடுகளினின்று தொகுத்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஊதியம் வேறுபடுவதன் காரணங்களைத் தெளிவித்தார். அப்பணிக்காக 2023-இல் பொருளாதார நோபெல் பரிசு அவர் ஒருவர்க்கே வழங்கப்பட்டது. அப்பரிசைத் தனியே பெற்ற முதற் பெண்மணி அவரே.

தாய்மார்களே, நம் இல்லத்துப் பெண்ணொருத்தி விஞ்ஞானம் கற்கச் சென்று, ஓராண்டில் அதை விட்டுப் பொருளாதாரம் கற்பேன் என்றால் நாம் என் சொல்வோம்? ‘செலவழித்த பணம் வீணாயிற்று’ என்போமன்றோ? வீணாகவில்லை. நுண்ணோக்கியின் கீழ்ச் சிறியதைப் பொறுமையுடன் பார்க்கப் பழகிய கண்ணே பழைய கணக்கேடுகளிலும் பிறர் காணாததைக் கண்டது என்று கொள்வதிற் பிழையில்லை.

துறை மாறியோர் இன்னும் பலர். கூப்பர் பௌதிகத்திற் பரிசு பெற்ற பின்னர் மூளை எவ்வாறு கற்கிறது, எவ்வாறு நினைவு கொள்கிறது என்னும் ஆராய்ச்சியில் இறங்கி, அதற்கென ஒரு நிலையத்தைப் பிரௌன் சர்வகலாசாலையில் அமைத்தார். ஷ்வார்ட்ஸ் பேராசிரியப் பதவியை விட்டு வணிகத்தில் இறங்கிக் கணிப்பொறிச் செய்திகளைக் காக்கும் நிறுவனம் ஒன்றை நடத்தினார். பின்னர் மீண்டும் ஆராய்ச்சிக்குத் திரும்பினார். 1962-இல் தேறிய மார்ட்டின் ஹெல்மன், விட்பீல்டு டிப்பியுடன் 1976-இல் வெளியிட்ட முறையே, முன்பின் சந்தித்திராத இருவர் பிறர் அறியாதவாறு செய்தி பரிமாறிக்கொள்ள வழி வகுத்தது. வங்கிப் பணத்தைக் கைப்பேசி வழியாக நாம் அஞ்சாது அனுப்புவது அம்முறையின் வழிவந்த பயனே. 1960-இல் தேறிய லெஸ்லி லாம்போர்ட் பல கணிப்பொறிகள் ஒன்றோடொன்று முரணாது இயங்கும் நெறியை வகுத்தார். கணிப்பொறித் துறையில் மிக உயர்ந்ததாகிய டூரிங் பரிசை லாம்போர்ட் 2013-ஆம் ஆண்டிற்கும், ஹெல்மன் 2015-ஆம் ஆண்டிற்கும் பெற்றனர். இவர்கள் பள்ளிப் பிள்ளைகளாயிருந்த காலத்தில் இத்துறை முளைவிட்டுக் கொண்டிருந்தது. பெற்றோர் ‘இதனைப் படி’ என்று சுட்டிக்காட்டியிருக்கக் கூடிய பெயரே அன்று இல்லை. வருங்காலத் தொழிலை நாம் இன்றே பிள்ளைக்குக் குறித்துக் கொடுத்துவிட இயலும் என்பது எவ்வளவு துணிவான எண்ணம் என்று எண்ணிப் பாருங்கள்.

விஞ்ஞானத்தையே விட்டு நீங்கிச் சிறந்தோரும் உளர். எட்கர் டாக்டரோ என்னும் நாவலாசிரியர் 1948-இல் அப்பள்ளியில் தேறியவர். கணிதத்தில் வல்ல தோழர்களுக்கு நடுவே தம் மனம் எழுத்தையே நாடியதால், பள்ளியின் இலக்கியப் பத்திரிகையிற் புகலடைந்து, தம் முதற் கதையை அதில் வெளியிட்டார். 1975-இல் வெளிவந்த ‘ராக்டைம்’ என்னும் நாவலால் நாடெங்கும் புகழ்பெற்றார். வில்லியம் ஸபையர் அப்பள்ளியிற் கற்றுப் பத்திரிகை எழுத்தாளரானார். 1978-இற் புலிட்ஸர் பரிசு பெற்றார். சொற்களின் பொருளையும் வழக்கையும் ஆராய்ந்து முப்பது ஆண்டுகள் வாரந்தோறும் எழுதிவந்தார். 1953-இல் தேறிய பாபி டேரின் பாடகராய் விளங்கினார். டிரினிடாட் தீவினின்று சிறுவனாக வந்து 1960-இல் தேறிய ஸ்டோக்லி கார்மைக்கேல், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் முன்னின்று பலமுறை சிறை சென்றார்.

இவர்களுக்குக் கொடுத்த இடத்தை வேறு நால்வர்க்குக் கொடுத்திருந்தால் விஞ்ஞானிகள் நால்வர் தோன்றியிருப்பரே என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினா. அதற்கு என் விடை இது. விஞ்ஞானப் பள்ளியிலும் இலக்கியப் பத்திரிகை ஒன்று நடத்த இடமிருந்தது. அப்பத்திரிகை அறையில்லாவிடில் டாக்டரோ மனமொடிந்து கணக்கிலும் தேறாது கதையிலும் தேறாது நின்றிருக்கக் கூடும். பதினான்கு வயதில் நுழையும் பிள்ளை பதினெட்டு வயதிலும் அதே விருப்பத்தோடு வெளிவருவான் என்று எவரும் பிணை நிற்க இயலாது. கற்கவும் மாறவும் இடந்தரும் பள்ளியே பள்ளி. மாற இடந்தராதது தொழிற்சாலை அச்சு.

இனி, இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறையாது சொல்வது என் கடமை. ஒன்பது பெயர்களைக் கூறினேன். ஆண்டுதோறும் பல நூற்றுவர் அப்பள்ளியினின்று வெளியேறுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பெயர் எந்த ஏட்டிலும் வராது. அவர்கள் தத்தம் தொழிலைச் செய்து, குடும்பத்தைக் காத்து, நல்லவராய் வாழ்கின்றனர். அதுவும் சிறப்பே. பரிசு பெற்றவரை மட்டும் எண்ணிப் பள்ளியை அளப்பவன், கோபுரக் கலசத்தை மட்டும் பார்த்துக் கோவிலை அளப்பவனை ஒப்பான்.

மற்றொன்று. நுழைவுத் தேர்வில் தேறிய கூர்மையுடைய பிள்ளைகளை எடுத்துக்கொண்ட பள்ளி, ‘எம் பிள்ளைகள் கூர்மையுடையர்’ என்று சொல்வதில் பள்ளியின் பங்கு எவ்வளவு? இதனை மூன்று பொருளாதார அறிஞர் ஆராய்ந்தனர். அப்துல்கதிரோக்லு, ஆங்க்ரிஸ்ட், பாடக் என்பன அவர் பெயர்கள். நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் உள்ள இத்தகைய பள்ளிகளில் மயிரிழையிற் சேர்ந்த பிள்ளைகளையும், மயிரிழையில் இடம் இழந்து வேறு பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளையும் ஒப்பிட்டனர். 2014-இல் வெளிவந்த அவ்வாராய்ச்சியின் முடிவு யாதெனின், பின்னர் எழுதிய தேர்வுகளில் இவ்விரு திறத்தார்க்கும் இடையே பெரும்பாலும் வேறுபாடு காணப்படவில்லை என்பதே. தேர்வு மதிப்பெண் ஒன்றே கல்வியின் பயன் ஆகாது. தோழமையின் பயனை அவ்வளவுகோல் காட்டாது. ஆயினும் ஒன்று திண்ணம்: ஒரு மதிப்பெண்ணால் வாயிலுக்கு வெளியே நின்ற பிள்ளை, உள்ளே சென்ற பிள்ளையினின்று தாழ்ந்தவனல்லன்.

பெற்றோர்களே, இச்செய்தியை நீங்கள் வீட்டிற்கு எடுத்துச் செல்ல வேண்டும். நம் நாட்டில் நுழைவுத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் எத்தனை இல்லங்களில் அடுப்பெரியாது கிடக்கின்றது! பிள்ளை ஒரு மூலையில், தாய் ஒரு மூலையில், தந்தை வாய் பேசாது திண்ணையில் என்று இழவு வீட்டுக் கோலம் கொள்கின்றோம். சில பிள்ளைகள் உயிரையே மாய்த்துக்கொள்கின்றனர். நியூயார்க்கின் பிள்ளை இழந்ததும் ஓர் இடந்தான். அவன் அறிவு அவனிடமே இருந்தது. நம் பிள்ளைக்கும் அஃதே. தேர்வில் தவறிய நாளில் தகப்பனார் வந்து தோளில் கைவைத்து, ‘அப்பா, சாப்பிட வா’ என்று அழைக்கும் அழைப்பே அன்றைக்கு வேண்டிய உபகாரச் சம்பளம்.

வாயிலைப்பற்றிய வழக்கு அந்நகரத்திலும் ஓயவில்லை. அத்தகைய பள்ளிகளிற் சேர்க்கை ஒரே தேர்வைக்கொண்டே நடைபெற வேண்டும் என்று 1971-இல் நியூயார்க் ராஜ்யம் சட்டமியற்றிற்று. நகரப் பொதுப் பள்ளிகளிற் பயில்வோருள் மூன்றில் இரு பங்கு அளவினர் கறுப்பினத்தவரும் ஸ்பானிய மொழிக் குடும்பத்தவரும் ஆவர். அப்பள்ளிகளிற் கிடைக்கும் இடங்களிலோ அவர்கட்கு அண்மை ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கு அளவே கிடைத்துவந்தது. தேர்வை எடுத்துவிட வேண்டும் என்று நகரத் தலைவர் 2018-இல் முயன்றார், சட்டசபை இசையவில்லை. தேர்வு யாவர்க்கும் பொது. வறியவன் பிள்ளையும் எழுதலாம் என்பர் ஒரு பக்கத்தார். தேர்விற்குப் பயிற்றுவிக்கப் பொருளும் வழியும் யாவர்க்கும் பொதுவாக இல்லையே என்பர் மற்றொரு பக்கத்தார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. நமக்கு வேண்டியது அதனுட் பொதிந்த பாடம்: தேர்வு எழுதும் அறைக்கு வந்து சேரும் வரையுள்ள பாதையே பெரிய தேர்வு. அப்பாதையில் விளக்கேற்றுவது அரசினர் கடமை. அவர்கள் கை எட்டாத இடத்தில் நம் கடமை.

பெரியோர்களே, என் கருத்தைத் தொகுத்துச் சொல்லி அமர்கின்றேன். விஞ்ஞானப் பள்ளியிற் பயின்றோர் எங்குச் சென்று சிறந்தனர் எனின், விண்மீனிலும் அணுவிலும் மட்டுமன்றி, மருத்துவமனையிலும், கணிப்பொறி வலையிலும், பழைய கணக்கேட்டிலும், நாவலிலும், பாட்டு மேடையிலும், சிறைக்கூடத்திலும் சிறந்தனர். பள்ளி அவர்கட்குப் போய்ச்சேர வேண்டிய ஊரைக் குறித்துக் கொடுக்கவில்லை. நடக்கக் கால் கொடுத்தது. தோழமை, செலவில்லாத அடுத்த படி, மனம் மாறினாற் குற்றம் சொல்லாத பெருந்தன்மை ஆகிய மூன்றாலும் அக்கால் வலிமை பெற்றது.

ஆதலின் சங்கத்தார்க்கு நான்கு வேண்டுகோள் விடுக்கின்றேன். முதலாவது, நம் உபகாரச் சம்பளத்தைப் பாடத்தின் பெயரைக் கொண்டு வரையறுக்க வேண்டா. பிள்ளையின் ஊக்கத்தையும் குடும்பத்தின் தேவையையும் கொண்டு வரையறுங்கள். இடையிற் பாடம் மாறினால் உதவியை நிறுத்தும் விதியையும் எழுத வேண்டா. இரண்டாவது, பகலில் வேலை செய்து மாலையிற் படிக்கும் இளைஞர்க்கும் அஞ்சல் வழியிற் கற்போர்க்கும் நிதியில் ஒரு பங்கு ஒதுக்குங்கள். மூன்றாவது, பெண்பிள்ளைகட்குக் கொடுப்பதை ஆண்பிள்ளைகட்குக் கொடுத்து எஞ்சியதாக எண்ணாது, சரி பாதியாகக் கொடுங்கள். அப்பள்ளி எட்டாண்டுக் காலம் பெண்களை விட்டு நடந்தது. அதற்கு மேலும் விட்டிருந்தால் ஒன்பது எட்டாகியிருக்கும். நான்காவது, சங்கக் கட்டிடத்தில் மாலைதோறும் ஓர் அறையைத் திறந்து வையுங்கள். நாற்காலிகளும், கரும்பலகையும், சில நல்ல புத்தகங்களும் போதும். பிள்ளைகள் கூடி ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொடுக்கட்டும். அண்டை அயற் பிள்ளைகள் எச்சமூகத்தாராயினும் வந்து அமரட்டும். தோழமைக்கு வேலியிட்டால் அது தோழமையாகாது.

இவ்வறைக்கு ஆகும் செலவு நம் ஆண்டு விழாப் பந்தற் செலவினும் குறைவு. அதில் நுழையும் பிள்ளைகள் என்னவாய் வெளிவருவார்கள் என்று இன்று என்னாற் சொல்ல இயலாது. ஒருவன் பொறியாளனாகலாம், ஒருத்தி வானநூல் கற்கலாம், ஒருவன் கணக்கு வேண்டாம் என்று என் வகுப்பிற்கு வந்து இலக்கணமும் கேட்கலாம்! எவ்வழிச் செல்லினும் அவர்கள் நம் பிள்ளைகளே. அவர்கள் நடை வளர்க, நும் கொடை வளர்க என்று வாழ்த்துகின்றேன்.